சாளை எங்கே போகிறது?

2012ஆம் ஆண்டு கேரளக் கரையில் இறங்கிய மத்தி ஏறத்தாழ நான்கு லட்சம் டன். ஒன்பது ஆண்டு கழித்து, 2021இல், அதே கரையில் இறங்கியது 3,297 டன். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த ஆண்டே அது மீண்டும் ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. கொச்சியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது. கேரளத்தில் மத்தி என்றும், கன்னியாகுமரிப் பக்கம் சாளை என்றும், கிழக்குக் கரையில் பேய்ச்சாளை என்றும் சொல்லப்படும் இந்தக் கையளவு மீன்தான் தென்னிந்தியக் கடலோரத்தின் ஏழைச் சோற்றுக்கு இரண்டு தலைமுறையாகக் குழம்பு தந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அது எங்கே போனது? நூறாண்டாக இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் சுற்றி வருகின்றன. மீன் வேறு கடலுக்கு வலசை போய்விட்டது என்பது ஒன்று. அந்த ஆண்டுகளில் குஞ்சு பிழைக்கவில்லை, அதனால் மீனே இல்லை என்பது இரண்டாவது. இருந்ததையெல்லாம் சுருக்குமடி போட்டு அள்ளித் தீர்த்துவிட்டோம் என்பது மூன்றாவது. கரையில் நின்று பேசினால் முதல் பதில்தான் அதிகம் காதில் விழும். யார் மேலும் பழி போடாத பதில் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் சரிசமமாக இல்லை. எதற்கு எவ்வளவு எடை என்று நிறுத்துப் பார்க்க வேண்டுமானால், வெப்பமண்டலக் கடலோரத்தில் பருவம் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மீன் வலசை பற்றிய பாடநூல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக் கடல்களைப் பார்த்து எழுதப்பட்டவை. பாரன்ட்ஸ் கடலில் மேய்ந்துவிட்டு முட்டையிட நார்வேயின் லோஃபோடன் தீவுகளுக்கு வரும் காட் மீனும், பிறந்த ஆற்றைத் தேடித் திரும்பும் சால்மனும்தான் அங்கே உதாரணங்கள். குளிர் வரும், பகல் சுருங்கும், மீன் நூற்றுக்கணக்கான மைல் போகும். நம் கடலில் அப்படியொரு குளிர்காலம் கிடையாது. மேல்நீரின் வெப்பம் ஆண்டு முழுக்கப் பெரும்பாலும் 25 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குள்தான் ஆடுகிறது. இங்கே பருவத்தைக் கொண்டு வருவது காற்று. தெற்கிலிருந்து வருவது சோழகம், மேற்கிலிருந்து கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை. காற்று திரும்பினால் நீரோட்டம் திரும்பும். வங்கக் கடலின் மேற்கு ஓரத்தில் பிப்ரவரி முதல் மே வரை வடக்கு நோக்கி ஓடும் தண்ணீர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கி ஓடுகிறது. அரபிக் கடலோரத்தில் இதற்கு எதிர்மாறு: தென்மேற்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும், குளிர்காலத்தில் வடக்கு நோக்கியும். ஆண்டுக்கு இருமுறை கரையோர நீரோட்டமே இப்படித் திசை மாறுவது வட இந்தியப் பெருங்கடலின் தனிக்குணம்.

கேரளக் கரையில் ஜூன் மாதம் நடப்பதைப் பார்ப்போம். பருவக்காற்று கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல்நீர் வலப்பக்கமாக, அதாவது கரையை விட்டு மேற்கே, தள்ளப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து தண்ணீர் ஏறுகிறது. கன்னியாகுமரி, கொல்லம் பக்கம் முதலில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல வடக்கே நகர்கிறது இந்த ஏற்றம். ஏறி வரும் நீர் குளிர்ந்தது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்தது. வெயிலும் உரமும் ஒன்றுசேர்ந்த இடத்தில் டயாட்டம் என்னும் நுண்பாசிகள் பொங்குகின்றன. சாளையின் தீனி அதுதான்.

ஆனால் அந்த அடிநீரில் ஆக்சிஜன் குறைவு. அரபிக் கடலின் நடுஆழம் உலகின் பெரிய ஆக்சிஜன் வறட்சிப் பகுதிகளில் ஒன்று. அதன் விளிம்புதான் ஆகஸ்ட், செப்டம்பரில் கேரளக் கரையின் ஆழமற்ற தரைவரை ஏறி வருகிறது. அடியில் மூச்சு விட முடியாத நண்டும் இறாலும் தரைமீன்களும் கரையை நோக்கி ஒதுங்குகின்றன. மேல்நீர் மீன்களும் ஒரு மெல்லிய படலத்துக்குள் நெருக்கப்படுகின்றன. மழைக்காலத்தின் பின்பாதியில் கரையோரத்தில் மீன் கொட்டிக் கிடப்பதன் ஒரு பகுதி இதுதான்: கடலில் மீன் பெருகியிருக்க வேண்டும் என்பதில்லை, இருக்கும் மீன் ஒரே இடத்தில் குவிந்திருந்தாலும் வலை நிறையும். மீன்பாட்டைப் பார்த்து மீன்வளத்தை மதிப்பிடுகிறவர்கள் திரும்பத் திரும்ப இடறும் கல் இது.

ஆலப்புழை, புறக்காடு பக்கத்துச் சாகராவையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கடலடிச் சேறு கூழாகக் கலங்கி அலையை அடக்கிவிடுவதால், கொந்தளிக்கும் ஜூன், ஜூலையிலும் அங்கே மட்டும் கடல் குளம்போல் கிடக்கும். சேறுதான் மீனைக் கூட்டி வருகிறது என்பது பழைய நம்பிக்கை. 2014இல் தேசிய கடலியல் நிறுவனம் அங்கே பருவம் முழுக்க நீர் எடுத்துப் பார்த்தபோது, குளிர்ந்த உரநீரின் ஏற்றம் சாகராவுக்குள்ளும் வெளியிலும் ஒன்றாகவே நடப்பது தெரிந்தது. மீன் எங்கும் இருக்கிறது. வள்ளம் இறக்க முடிகிற இடம் சாகரா மட்டும். நம்பிக்கை தவறு என்று சொல்வதைவிட, பயன்பாட்டளவில் அது சரியாகவே இருந்தது என்பேன். மீனவனுக்கு வேண்டியது மீன் உள்ள கடல் அல்லவே, மீன் பிடிக்க முடிகிற கடல்.

இனி சாளைக்கு வருவோம். சந்தையில் வாங்கிய சாளையின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால், சிவந்த செவுளுக்கு உட்புறம் சீப்புப் பல்போல நெருக்கமாக முட்கள் தெரியும். வாய் திறந்து நீந்தும்போது தண்ணீர் வெளியே போகும், நுண்பாசி சீப்பில் தங்கும். மழை ஓய்ந்த மாதங்களில் வாங்கிய மீனின் குடலைக் கீறினால் கரும்பச்சைக் கூழ் வருவது அதனால்தான். முட்டையிடுவது பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கரையிலிருந்து விலகிய கடலில். முட்டை ஒரு நாளில் பொரிந்துவிடும். குஞ்சுகள் பாசி பொங்கும் நீரில் வளர்ந்து, மழைக்காலம் முடியும்போது விரலளவில் கரையோரம் வருகின்றன. ஒரு வயதுக்குள், பதினைந்து சென்டிமீட்டர் அளவில், சினை பிடிக்கும். ஆயுளே இரண்டு, இரண்டரை ஆண்டுதான்.

இந்தக் குறுகிய ஆயுள்தான் விடுகதையின் பெரும்பகுதியை அவிழ்க்கிறது. பத்து, பதினைந்து ஆண்டு வாழும் மீனில் ஓராண்டு குஞ்சு தவறினால் மூத்த மீன்கள் ஈடுகட்டும். சாளையில் பிடிபடுவதில் பெரும்பங்கு அந்த ஆண்டோ அதற்கு முந்தைய ஆண்டோ பிறந்தது. இரண்டு பருவம் அடுத்தடுத்துப் பொய்த்தால் கடல் காலி. இரண்டு பருவம் நன்றாக அமைந்தால் மீண்டும் பொங்கும். 2021இன் வறட்சியையும் அடுத்த ஆண்டின் எழுச்சியையும் விளக்க ஓமானுக்குப் போய்த் திரும்பிய கதை தேவையில்லை. 2024இல் கேரளக் கரையெங்கும் பத்து சென்டிமீட்டரைச் சுற்றிய பொடிச்சாளை குவிந்து விலை சரிந்ததே, அதுவும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. குஞ்சு ஏராளமாகப் பிழைத்தது. பங்குபோட்ட தீனியில் எதுவும் பருக்கவில்லை.

இந்த விவாதம் பழையது. 1905இல் சென்னை மாகாண மீன்வளப் பணியைத் தொடங்கிய பிரெடரிக் நிக்கல்சனும், அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெலும் மலபார்க் கரையின் மத்தி எண்ணெய், மீன் உரத் தொழிலைக் கண் முன்னே பார்த்தவர்கள். 1920களில் ஹார்னெலும் நாயுடுவும் சாளையின் வாழ்க்கை வரலாற்றை முதல்முறையாக ஒழுங்காக எழுதினார்கள். 1940களில் மீன் மறைந்தது. 1943இல் சென்னை அரசு குஞ்சு மீன் பிடிக்கவும் ‘மத்திகொல்லி’ வலை போன்றவற்றைப் பயன்படுத்தவும் கட்டுப்பாடு விதித்தது. 1947இல் அதை விலக்கிக்கொண்டது. அதே 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வேறு கோணத்தில் தேடியது. 1955இல் ஆர்.வி. நாயரும் ஆர். சுப்பிரமணியனும் பிராஜிலேரியா ஓஷியானிகா என்ற ஒரே ஒரு டயாட்டத்தின் பெருக்கத்தை வைத்தே சாளையின் வரவைச் சொல்லலாம் என்று எழுதினார்கள். ஒரு பாசி, ஒரு மீன் என்ற அந்தக் கணக்கு பிற்காலத்தில் அவ்வளவு எளிதாக நிற்கவில்லை. ஆனால் ‘மீன் எங்கே’ என்பதற்கு முன் ‘தீனி எங்கே’ என்று கேட்கப் பழக்கியது அந்த ஆய்வு. மீனின் உடலில் குறி பொருத்தி விட்டுப் பார்த்த முயற்சிகளும் நடந்தன. லட்சக்கணக்கான டன் கூட்டத்தில் சில ஆயிரம் குறிமீன்களைத் தேடுவது பலன் தரும் வேலையில்லை. தெளிவான விடை மரபணுவிலிருந்து வந்தது: ஓமான் கடல் மத்தியும் இந்தியக் கரை மத்தியும் தனித்தனிக் குடிகள். கடல் கடந்து போய் வருகிற மீனாக இருந்தால் இந்த வேறுபாடு நிலைத்திருக்காது.

ஆக, சாளை வலசை போகிறது. ஆனால் அதன் வலசை குறுக்குவாட்டில். கரையிலிருந்து ஆழத்துக்கும் ஆழத்திலிருந்து கரைக்கும், சில பத்து கிலோமீட்டர். கரையோரமாக நீரோட்டத்தோடும் கொஞ்ச தூரம் போகும்.

எல்லா வெப்பமண்டலக் கரைக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவில் சாளையின் ஒன்றுவிட்ட உறவான உருண்டைச் சாளை, குளிர்மாதங்களில் செனகல் கரையிலும் கோடையில் வடக்கே மவுரித்தானியாவிலுமாக, குளிர்நீர் ஏறும் இடத்தைத் துரத்தியபடி நாடு விட்டு நாடு போகிறது. பின்னால் போகும் செனகலின் செயிண்ட் லூயி மீனவர்களுக்கு மவுரித்தானியாவின் உரிமம் வேண்டும். இந்தோனேசியாவின் பாலி நீரிணையில் லெமுரு என்ற இன்னொரு சாளையினம் இதற்கு நேர்எதிர்: எங்கும் போகாமல் அந்தச் சிறிய நீரிணைக்குள்ளேயே, தென்கிழக்குப் பருவக்காற்று தரும் குளிர்நீரை நம்பிப் பொங்கியும் வற்றியும் வாழ்கிறது. நம் சாளை இந்த இரண்டுக்கும் நடுவில், லெமுருவுக்குக் கொஞ்சம் பக்கத்தில்.

கிழக்குக் கரையின் கதை வேறு. வங்கக் கடலில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கோதாவரியும் கொட்டும் நன்னீர் மேலே போர்வைபோல் படிந்து, அடிநீர் ஏறவிடாமல் தடுக்கிறது. அதனால் கேரளம்போல ஒரே மீன் லட்சக்கணக்கில் குவிவது இங்கே அரிது. பல மீன் கொஞ்சம் கொஞ்சமாக, மாதத்துக்கு ஒன்றாக வரும். இந்த மாதக் கணக்கைக் கச்சிதமாகப் பார்க்க ராமேஸ்வரம் தீவுக்குப் போக வேண்டும். தீவின் வடக்கே பாக் விரிகுடா. சராசரி ஆழம் பத்து மீட்டர்கூட இராது, தரையெல்லாம் கடற்புல். தெற்கே மன்னார் வளைகுடா. பவளப்பார், சட்டென்று இறங்கும் ஆழம். ஊர்க்காரர்களுக்கு அவை வடகடல், தென்கடல். தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கும், வாடைக்காற்றில் நேர்மாறு. நாட்டுப்படகுகள் ஆண்டுக்கு இருமுறை தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாறும். காரலும் ஓராவும் நண்டும் வடகடலில் கிடைக்கும் மாதமும், பாறைமீன் தென்கடலில் கிடைக்கும் மாதமும் இந்த இடமாற்றத்தோடு பிணைந்தவை. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இதேதான். தென்மேற்குப் பருவத்தில் நீர்கொழும்பு, சிலாபம் மீனவர்கள் குடும்பத்தோடு கிழக்கு, வடக்குக் கரைகளுக்குப் போய் வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்வது தலைமுறை வழக்கம். மீன் முப்பது கிலோமீட்டர் நகர, மனிதர்கள் முந்நூறு கிலோமீட்டர் நகர்கிறார்கள்.

கிழக்குக் கரைக்கே உரிய வலசைக்காரன் ஒருவனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்: பறவைக் கோலா. மே முதல் ஜூலை வரை நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி வெளிக்கடலில் கோலா கூட்டம் கூட்டமாக வரும். வருவது முட்டையிட. அதன் முட்டையில் நீண்ட ஒட்டுநூல்கள் உண்டு. மிதக்கும் எதையாவது பற்றிக்கொள்ளத் தேடும். வெளிக்கடலில் மிதக்க என்ன இருக்கிறது? கட்டுமரக்காரர்கள் கொண்டு போனார்கள். செடி தழைகளைக் கட்டுக்கட்டாகக் கயிற்றில் கோத்துக் கடலில் மிதக்கவிட்டுக் காத்திருப்பார்கள். கோலா தழைக்குள் புகுந்து முட்டையைச் சுற்றிவிடும் நேரத்தில், கயிற்றை மெல்ல இழுத்து, வலையால் கோரி அள்ளிவிடுவார்கள். 1923இல் ஹார்னெல் இதை நேரில் பார்த்து எழுதினார். கோலா முட்டையிடும் விதம் பற்றிய அறிவியல் குறிப்பு, மீன்பிடி முறையின் விவரிப்போடு சேர்ந்தே பதிவாயிற்று. முட்டையிட வந்த மீனையே பிடிப்பது சரியா என்று கேட்கலாம். தழையில் ஒட்டிய முட்டையில் ஒரு பங்கு கடலிலேயே விடப்பட்டது என்றாலும், அந்தக் கேள்விக்கு முழு விடை அதுவல்ல. கட்டுமரத்தின் அளவும் பாய் செல்லும் தூரமும்தான் உண்மையான வரம்பாக இருந்தன. அந்த வரம்பு இயந்திரம் வந்ததும் போய்விட்டது.

கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே போய் வருகிறவை தனி வகை. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். இரண்டு மூன்று வாரத்தில் நூலிழைபோல் இருக்கும் குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் நுழையும். சில மாதம் சேற்றில் மேய்ந்து, விரல் நீளத்தைத் தாண்டியதும் வற்றுநீரோடு கடலுக்குத் திரும்பும். கொச்சிக் காயலில் குறியிட்டு விட்ட இறால்கள் கன்னியாகுமரி முனையைச் சுற்றி வந்து மணப்பாட்டில் வலையில் விழுந்திருக்கின்றன. நம் கடலில் குறியிடல் தந்த மிகச் சுவையான முடிவு அதுதான் என்பது என் எண்ணம். சாளைக்கு எடுபடாத கருவி இறாலுக்கு எடுபட்டது. பழவேற்காட்டில் இறால் வெளியேறும் முகத்துவாரப் பகுதியைக் கூறுகளாகப் பிரித்து, யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கி ஒதுக்கும் பாடு முறை இருக்கிறது. இறாலின் வலசைப் பாதையில் எல்லா இடமும் ஒன்றல்ல என்று தெரிந்தவர்கள் ஏற்படுத்திய நியாயம் அது. கோடையில் அந்த முகத்துவாரமே மணல் மூடி அடைந்துபோகும். அடைபட்டால் உள்ளே இருப்பது வெளியே போகாது, வெளியே இருப்பது உள்ளே வராது. ஊர்க்காரர்கள் ஆள் சேர்த்து வெட்டித் திறந்த காலங்கள் உண்டு.

உல்லம் மீனின் கதியோ இன்னும் மோசம். முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும் மீன் அது. வங்காளத்தின் இலிஷ், கோதாவரியின் புலசா. காவிரியிலும் கொள்ளிடத்திலும் அது ஏறி வந்த காலம் இருந்தது. கொள்ளிடத்தில் 1909இலேயே அதைச் செயற்கையாகப் பொரிக்கவைக்கும் முயற்சி நடந்தது என்றால், வரவு எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். அணைகள் வழியை மறித்தன. 1934இல் மேட்டூர் வந்த பிறகு காவிரி உல்லம் கதையாயிற்று. கங்கையில் 1975இல் பராக்கா அணை அதையே செய்தது. இந்த ஒரு விஷயத்தில் வலசையா, பிழைப்பா, பிடிப்பா என்ற விவாதத்துக்கே இடமில்லை. வழி அடைபட்டது, மீன் போயிற்று.

இதுவரை சொன்னதெல்லாம் காற்றும் நீரும் பழைய ஒழுங்கில் நடந்தால். அந்த ஒழுங்கு இப்போது மாறுகிறது. 1980கள் வரை கிழக்குக் கரையில் சாளை பொருட்படுத்தும்படி கிடைத்ததில்லை. பிறகு தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் அது முக்கிய மீன்பாடாகவே ஆகிவிட்டது. மேற்கே வடக்கு நோக்கியும் அதன் எல்லை விரிந்தது. கடல் வெப்பமேறியதால் முன்பு ஒவ்வாத நீர் இப்போது ஒத்துப்போகிறது என்பது மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இ. விவேகானந்தன் முன்வைத்த விளக்கம். மேல்நீரில் திரியும் கானாங்கெளுத்தி அடிமடிவலைகளில் முன்னைவிட அதிகமாக விழத் தொடங்கியதையும் அவர் சுட்டினார்: மேலே சூடேறினால் மீன் கீழே இறங்குகிறது. மீன்பிடி உத்தி மாறியதும் இதில் சேர்ந்திருக்கலாம் என்பதால் இந்த இரண்டாவது சான்றை நான் அவ்வளவு அழுத்திப் பிடிக்கமாட்டேன்.

மூன்றாவது சான்று அசைக்க முடியாதது என்று எனக்குப் படுகிறது. சென்னைக் கடலின் சங்கரா மீனை 1980இலிருந்து 2004 வரை தொடர்ந்து வெட்டிச் சினை பார்த்த பதிவுகள் உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வெப்பமாதங்களில் சினைமீனின் பங்கு ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தது. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர்மாதங்களில் ஏறிக்கொண்டே போனது. மீன் இடம் மாறவில்லை, மாதம் மாறிவிட்டது. வலசை என்றால் இடப்பெயர்ச்சி என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால் இந்த வகை நகர்வு கண்ணிலேயே படாது.

கண்ணில் படாமல் போவதற்கு நம் அளவீட்டு முறையும் உடந்தை. நாம் எண்ணுவது கரையில் இறங்கிய மீனை. அது எங்கே பிடிபட்டது என்பதை அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் ஊர்களின் ஆழ்கடல் படகுகள் சுறாவையும் சூரையையும் தேடிக் குஜராத் கடல்வரை போய்விட்டுக் கொச்சியில் இறக்கினால், அது கேரளக் கணக்கு. தூத்துக்குடியில் இறங்கிய மீன் எந்தப் பாரில் எத்தனை பாக ஆழத்தில் கிடைத்தது என்பது ஏலம் முடிந்ததும் ஓட்டுநரின் நினைவோடு போகிறது. செயற்கைக்கோள் உதவுகிறதே என்றால், அதிலும் ஓர் ஓட்டை. ஐதராபாத்தில் 1999இல் தொடங்கிய இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், நீரின் பாசி நிறத்தையும் வெப்பத்தையும் வைத்து மீன் கூடும் இடங்களை அறிவிக்கிறது. நல்ல பணி, டீசல் மிச்சமாகிறது. ஆனால் பாசி உண்மையில் பொங்கும் ஜூன், ஜூலையில் மேற்குக் கரை முழுக்க மேகம். நிறம் பார்க்கும் கருவி மேகத்தைத் தாண்டிப் பார்க்காது. சாளையின் ஆண்டை முடிவு செய்யும் மாதங்களிலேயே நம் பார்வை மங்கலாக இருக்கிறது.

சட்டத்துக்கு வருவோம். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. 2001இல் 45 நாளாகத் தொடங்கியது தமிழ்நாட்டில் 2017 முதல் 61 நாள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி ஒரே மாவட்டம்; ஆனால் சின்னமுட்டம் படகு கிழக்குக் கணக்கில், குளச்சல் படகு மேற்குக் கணக்கில். முனைக்குத் தெற்கே, சுமார் பத்தாயிரம் சதுர கிலோமீட்டர் விரிந்த வெட்ஜ் திட்டின் மீனுக்கு இந்தக் கோடு தெரியாது. ஜூன் முற்பாதியில் இரண்டு துறைமுகமும் மூடியிருக்கும். மற்ற நாட்களில் ஏதாவது ஒன்று திறந்தே இருக்கும்.

கேரளத்தில் 1988இல் மழைக்கால இழுவைமடித் தடை வந்ததற்குப் பின்னால் பெரிய போராட்டம் இருக்கிறது. நீண்டகரையில் மழைக்காலக் கரிக்காடி இறாலுக்காக விசைப்படகும் வள்ளமும் மோதிக்கொண்ட 1980களில், பாபு பால், கலாவர், பாலகிருஷ்ணன் நாயர் என்று குழு மேல் குழு அமர்ந்தது. தடை வந்தது நல்லதே. தரைமீனுக்கு அது ஓய்வு தந்தது. ஆனால் அதன் வடிவம் மீனின் உயிரியலைவிட அன்றைய சமூகச் சமரசத்தைத்தான் காட்டுகிறது. தடைக்காலத்தில் கட்டிப்போடப்படுவது அடிமடி இழுக்கும் விசைப்படகு. அதே வாரங்களில் பாரம்பரியத் தொழில் என்ற பெயரில் பெரிய என்ஜின் பூட்டிய வள்ளங்கள் வளையவலை போட்டுச் சினைச்சாளையை அள்ள அனுமதி உண்டு. வள்ளக்காரர்களுக்கு மழைமாத வருமானம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. 1988இன் வள்ளம் இன்றைய வள்ளம் அல்ல என்பதைத்தான் சொல்கிறேன். வலையின் நீளமும் என்ஜினின் வலுவும் பல மடங்கு கூடிவிட்டன, விதிவிலக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. சாளைக்குக் குறைந்தபட்ச அளவு பத்து சென்டிமீட்டர் என்று கேரளம் விதித்ததில் பயன் உண்டு; குஞ்சு மீன்மாவு ஆலைக்குப் போவதை அது ஓரளவு தடுக்கிறது. தாய் மீனை அது காக்காது. தமிழ்நாட்டிலோ சுருக்குமடி விவாதம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஜனவரியில் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் என்ற இடைக்கால ஏற்பாட்டில் வந்து நின்றது. எந்த இரண்டு நாள் என்பதைவிட எந்த இரண்டு மாதம் என்பதுதான் மீனுக்கு முக்கியம். அதைப் பற்றி வாதம் அதிகம் எழவில்லை.

தொடக்கத்தில் சொன்ன மூன்று பதில்களை இப்போது நிறுத்தால், என் கணிப்பில் குஞ்சின் பிழைப்புதான் கனமான தட்டு. பிடிப்பு அடுத்தது, பருவம் பொய்க்கும் ஆண்டில் சினைமீனையும் அள்ளிவிட்டால் ஓராண்டுப் பஞ்சம் ஐந்தாண்டுப் பஞ்சமாக நீளும். நெடுந்தூர வலசைக்குக் கடைசி இடம். காற்றை நாம் மாற்ற முடியாது என்பதால், கையில் இருப்பது பிடிப்பு ஒன்றே. அதற்குச் செய்ய வேண்டியவை சில உண்டு. தடைக்காலத் தேதிகளைக் கரைவாரியாக வைக்காமல் மீன்வாரியாகப் பார்க்க வேண்டும். சங்கராவில் கால் நூற்றாண்டு செய்ததுபோல் ஒவ்வொரு முக்கிய மீனுக்கும் சினைப் பதிவு தொடர்ந்து இருக்க வேண்டும். அந்தப் பதிவைப் பார்த்துத் தேதியைச் சில ஆண்டுக்கொருமுறை திருத்த வேண்டும். தடைக்காலத்தை வடகிழக்குப் பருவத்துக்கு மாற்றச் சொல்லும் மீனவர் சங்கங்களின் குரலையும், விடுமுறை பேரம் என்று ஒதுக்காமல், சினைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேலையிழக்கும் நாட்களுக்குத் தரும் நிவாரணத் தொகையும் தேதியோடு சேர்ந்து நகர வேண்டும். இல்லையென்றால் எந்த மாற்றத்தையும் கரை ஏற்காது. கேரளமும் தமிழ்நாடும் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது சாளையைப் பற்றி. ஜூனும் ஜூலையும் அதற்குச் சினைக்காலம் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. அந்த இரண்டு மாதங்களில் வளையவலைக்கு முழுத் தடை மேற்குக் கரையில் இன்னும் இல்லை.